சிங்கப்பூர் பிடோக் நீர்த்தேக்கம் பக்கம் வீடு: 84 வயது அம்மாவோடு போகிறோம், தரைத்தளமா மாடியா?

தெம்பனிஸ்வாசி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 61, மனைவிக்கு 58, அம்மாவுக்கு 84. அம்மா வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார், ஆனால் உள்ளேயே அடைந்து கிடக்கிற ஆள் இல்லை. காலையில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்து காபி குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்கள். ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு, இனிமேல் மாறவே தேவையில்லாத ஒரு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறோம். பிடோக் நீர்த்தேக்கம் பக்கம்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. அந்த 4.3 கிலோமீட்டர் பாதையில் நடந்து நடந்து பழகிவிட்டது, 2017இல் டவுன்டவுன் ரயில் வந்தபிறகு போக்குவரத்துக்கும் குறையில்லை.

இரண்டு வீடு கண்ணில் நிற்கிறது. ஒன்று கொண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) தரைத்தளம். ஹாலில் ஸ்லைடிங் கதவைத் தள்ளினால் பேட்டியோ (வீட்டோடு சேர்ந்த திறந்த முற்றம்), அப்புறம் வேலி, வேலிக்கு வெளியே மரங்கள், கொஞ்சம் தள்ளித் தண்ணீர். பேட்டியோ ஹால் தரையைவிட 12 செ.மீ. கீழே இருக்கிறது, டேப் வைத்து அளந்தேன். இன்னொன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) எக்சிகியூட்டிவ் மேசனெட், அதாவது இரண்டு தளமுள்ள பெரிய வீடு, எட்டாவது மாடி, வடக்குப் பார்த்த பால்கனி, மொத்த ஏரியும் தெரிகிறது. ஆனால் வீட்டுக்குள் படிக்கட்டு. கீழே ஹால், சமையலறை, ஒரு சின்னக் கழிவறை. படுக்கையறை மூன்றும் மேலே.

மனைவிக்குப் பேட்டியோதான் பிடித்திருக்கிறது. வாசலில் கோலம் போடலாம், தைக்கு வெளியே அடுப்பு வைத்துப் பொங்கல் பொங்கலாம், மீன் பொரித்தால் வீடு நாறாது என்று வரிசையாகச் சொல்கிறாள். எனக்கு மேசனெட்டின் காற்றும் காட்சியும் மனதைவிட்டுப் போகவில்லை. இரண்டு வீட்டிலும் ஹாலும் வெளியிடமும் ஒரே இடம் மாதிரி ஆகவேண்டும், கதவைத் திறந்தால் அம்மா வாக்கரோடு தட்டுத்தடங்கல் இல்லாமல் போய்வர வேண்டும். பார்த்த டிசைனர் ஒருவர் "படியை எடுத்தால் மழைத்தண்ணீர் உள்ளே வரும் சார்" என்கிறார், இன்னொருவர் "எல்லாம் செய்யலாம்" என்கிறார், எப்படி என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மட்டக்கோல்:

புதுப்பிப்பு வேலையில் இருக்கிறேன், டிசைனர் இல்லை, தரை போடுகிற ஆள். அதனால் தரையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அந்த 12 செ.மீ. படியைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், அது உங்களுக்கு வரம். பேட்டியோத் தரையை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கக்கூடிய பிளாஸ்டிக் கால்களை நிறுத்தி, அதற்குமேல் பலகையோ வெளிப்புற டைல்ஸோ போட்டால் ஹால் தரையும் வெளித்தரையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். மழைத்தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, பழைய தரையின் வாட்டத்தில் ஓடி, ஏற்கெனவே இருக்கும் துவாரத்தில் போய்விடும். அதாவது படி அங்கேயேதான் இருக்கிறது, பலகைக்கு அடியில். தண்ணீர் ஹாலுக்குள் வரவேண்டும் என்றால் முதலில் அந்த 12 செ.மீ. நிறைய வேண்டும்.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். கதவை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் பலகைக்குப் பதிலாக எஃகுக் கிரேட்டிங் போடச் சொல்லுங்கள், சாரல் கதவில் அடித்து வழிகிற தண்ணீரெல்லாம் அங்கேதான் விழும். துவாரத்துக்கு நேர் மேலே தூக்கித் திறக்கிற மாதிரி ஒரு சதுரப் பலகை கட்டாயம், இல்லாவிட்டால் இலை அடைத்து அடியில் தண்ணீர் நின்று ஏடிஸ் கொசுவுக்கு நீங்களே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். கதவின் தண்டவாளம் இருக்கிறதே, அதுவும் தரையைவிட இரண்டு மூன்று செ.மீ. எழும்பித்தான் நிற்கும், இதை யாரும் வரைபடத்தில் காட்ட மாட்டார்கள், வாக்கரின் முன்சக்கரம் சரியாக அதில்தான் முட்டும். ஹால் தரை மாற்றுவதாக இருந்தால் தண்டவாளத்தைப் புதைத்துவிடலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் அலுமினியச் சரிவு வைத்துச் சமாளிக்கலாம், பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

பலகையைப் பற்றி: நிஜ மரம் அழகுதான், ஆனால் நிழலும் ஈரமும் சேர்ந்த ஏரிப்பக்கத்தில் பாசி பிடித்து வழுக்கும், வருஷத்துக்கு ஒருமுறை தேய்த்து எண்ணெய் போட உங்களுக்கு 75 வயதில் தெம்பு இருக்குமா என்று யோசியுங்கள். நானாக இருந்தால் வழுக்காத் தன்மைக்கு ஆர்11 தரம் உள்ள கனமான டைல்ஸ் போடுவேன்.

மேசனெட் பால்கனியில் இந்த வித்தை நடக்காது. அங்கே தரையை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு தடுப்புச்சுவர் குட்டையாகிவிடும், எட்டாவது மாடியில் 1 மீட்டருக்குக் குறைவான தடுப்பு என்பது விளையாட்டில்லை. அதோடு தரைப்பூச்சும் டைல்ஸும் சேர்ந்து மொத்தம் 50 மி.மீ.தான் வீவக அனுமதிக்கும், பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கைக் கேளுங்கள். பால்கனிப் படி சின்னதாக இருந்தால் ஹால் பக்கம் மரச்சரிவு வைக்கலாம். சக்கர நாற்காலி என்றால் பன்னிரண்டுக்கு ஒன்று சரிவு வேண்டும், 10 செ.மீ. படிக்கே 1.2 மீட்டர் நீளம் போய்விடும், சின்ன ஹாலில் அது பெரிய இடைஞ்சல்.

---

தரைத்தளத்துமல்லி:

நாங்கள் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஒரு கொண்டோவில் தரைத்தளத்தில்தான் இருக்கிறோம், எந்தக் கொண்டோ என்று கேட்காதீர்கள். பேட்டியோ வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் விற்பனை முகவர் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன் அண்ணே.

மேலே இருந்து விழும். சிகரெட் துண்டு, முடி, துணி மாட்டும் கிளிப், ஒருமுறை பாதி மாம்பழம். நிர்வாகத்திடம் புகார் கொடுத்தால் மின்தூக்கியில் அறிவிப்பு ஒட்டுவார்கள், அதோடு சரி. கூரை போட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள், பேட்டியோ திறந்தவெளியாகக் கணக்கானது, கொண்டோ நிர்வாகத்தின் சம்மதமும் அனுமதியும் இல்லாமல் கூரை போட முடியாது. வாங்குவதற்கு முன்னாலேயே, எந்த மாதிரிக் கூரை, எந்த நிறத் திரை அனுமதி என்று நிர்வாக அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் கூரை போட்டிருந்தால் அதற்கு அனுமதி இருந்ததா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பிரித்தெடுக்கும் செலவு உங்கள் தலையில். அடுப்பு விஷயமும் கேட்டுவிடுங்கள், பொங்கல் பானைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வாரம்தோறும் மீன் பொரித்தால் மூன்றாவது மாடியிலிருந்து மின்னஞ்சல் வரும்.

அப்புறம் அந்தப் பூச்சி. கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது, கைரோனமிட் என்பார்கள். தண்ணீரில் பிறந்து வெளியே வந்து சில நாள்தான் உயிரோடு இருக்கும், ஆனால் அந்தச் சில நாளும் உங்கள் வீட்டு விளக்கைச் சுற்றித்தான். பாண்டான் நீர்த்தேக்கத்தில் 2013இல் இது பெரிய செய்தியானது, இங்கேயும் சில மாதங்களில் வரும். நீர்த்தேக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகம் மருந்து போடுகிறது, ஆனாலும் அடியோடு போகாது. அந்தி நேரத்தில் பேட்டியோப் பக்கம் வெள்ளை விளக்கு போடாமல் மங்கலான மஞ்சள் விளக்கு மட்டும் வைத்து, வலைக்கதவை இழுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வலைக்கதவு வைக்கும்போது கீழே தண்டவாளம் இல்லாத வகையா என்று பாருங்கள், மட்டக்கோல் சொன்ன அதே வாக்கர் பிரச்சினை இங்கேயும் உண்டு.

வீட்டைப் பகல் பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். மாலை ஏழரைக்கு விளக்கு போட்டபிறகு போய், பேட்டியோ விளக்குக்குக் கீழே சுவரைப் பாருங்கள். சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி என்றால் புரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை நல்ல மழையிலும் போய்ப் பாருங்கள், முகவர் முனகுவார், பரவாயில்லை.

உடும்பு வரும். ஒன்றும் செய்யாது, வேலிக்கு அடியில் இடைவெளி இருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். எங்கள் மாமியார் முதலில் அலறினார், இப்போது அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்.

---

சீமெய்க்கலா:

ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். பெரியவர்கள் விழுந்து எழுந்தபிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை, அதனால் என் பேச்சு கொஞ்சம் கசப்பாக இருக்கலாம்.

எல்லாரும் பேட்டியோ, பால்கனி என்றே பேசுகிறீர்கள். அம்மா அங்கே பகலில் போவார், பக்கத்தில் யாராவது இருப்பார்கள், விழுந்தால் பார்த்துவிடுவீர்கள். நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் முக்கால்வாசிப் பேர் விழுந்தது இரவில், கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில். அந்த வழியை முதலில் திட்டமிடுங்கள், ஏரி எங்கேயும் ஓடிவிடாது.

மேசனெட்டில் அம்மா எங்கே படுப்பார்? மேலே என்றால் ஒவ்வொரு நாளும் படி. கீழே சாப்பாட்டு மேசை இருக்கும் இடத்தைத் தடுத்து அறையாக்கினால் கட்டிலுக்கு இடம் கிடைக்கும், ஆனால் கீழே இருக்கிற அந்தச் சின்னக் கழிவறையில் உட்கார்ந்து குளிக்க இடம் இருக்கிறதா? கதவு எவ்வளவு அகலம்? சக்கர நாற்காலி நுழைய 850 மி.மீ. வேண்டும், உள்ளே திரும்ப 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் வேண்டும், பழைய வீவகக் கழிவறை எதிலும் அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. படிக்கட்டு நாற்காலி வைத்துக்கொள்ளலாம் என்பீர்கள். வைக்கலாம், நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஏறி உட்காரவும் இறங்கவும் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டியிருக்கும் காலம் வரும். அந்த ஒருவர் உங்கள் மனைவிதான் என்றால், அவருக்கும் அப்போது 70 ஆகியிருக்கும்.

எந்த வீடானாலும் சில விஷயம். கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்கக் கூடாது, விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், வெளியே இருந்து தள்ளவும் முடியாது. துண்டு போடும் கம்பி வேறு, பிடித்து எழும் கம்பி வேறு, முதலாவது ஆள் எடையைத் தாங்காது, ஆனால் வயதானவர் கை அதைத்தான் தேடிப் பிடிக்கும், அதனால் அந்த இடத்திலேயே நல்ல கம்பியை வைத்து அதிலேயே துண்டையும் போட்டுவிடுங்கள். பல கொண்டோக்களில் உள்சுவர்கள் லேசானவை, டைல்ஸ் ஒட்டும் முன்பே கம்பி வரும் இடத்தில் உள்ளே பலகை வைக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு இப்போது தேவையில்லாவிட்டாலும் சரி. கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையே முழங்கால் உயரத்துக்குக் கீழே ஆள் நடந்தால் எரியும் விளக்கு.

மேசனெட்டை எடுத்தால் முதியவர்களுக்கு ஏற்ப வீட்டை மாற்ற உதவும் ஈஸ் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், வீட்டு உரிமையாளருக்குக் குடியுரிமையும், 65 அல்லது அதற்கு மேல் வயதான ஒருவர் வீட்டிலும் இருந்தால் போதும். எக்சிகியூட்டிவ் வீட்டுக்குச் செலவில் 87.5 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்கும். கைப்பிடிக் கம்பி, கழிவறைத் தரைக்கு வழுக்காத பூச்சு, சரிவுப்பாதை, 2024இலிருந்து குளிக்கும்போது உட்காரும் மடக்கு நாற்காலி மாதிரி இன்னும் சில சேர்ந்திருக்கின்றன. புதுப்பிப்பு ஆளிடம் இதையெல்லாம் முழு விலைக்கு வாங்காதீர்கள்.

---

பழையபுளோக்:

எல்லாரும் சொல்லிவிட்டீர்கள், நான் மட்டும் கொஞ்சம் எதிராகப் பேசுகிறேன்.

அம்மா வெளியே உட்கார ஆசைப்படுவது ஏரியைப் பார்க்கவா, ஆளைப் பார்க்கவா? முதலில் அதைக் கேட்டீர்களா? என் அனுபவத்தில் வயதானவர்களுக்குத் தண்ணீர் பத்து நிமிஷம், மனிதர்கள் ஒரு நாள் முழுக்க. எங்கள் தளத்தில் நீளத் தாழ்வாரம், காலையில் கதவைத் திறந்து வைத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டால் என் அம்மாவுக்கு மார்க்கெட் போகிற மலாய் அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைகள், தபால்காரர் என்று எல்லாரோடும் பேச்சுதான். பக்கத்து வீட்டுச் சீனப்பாட்டியும் அவரும் ஒரு பொது மொழி இல்லாமலேயே சண்டை போடுவார்கள். பழைய ஊர்த் திண்ணை இதுதான் லா, பேட்டியோ இல்லை. பேட்டியோவில் வேலிக்கு வெளியே ஓடுகிறவர் காதில் இயர்போனோடு ஓடிவிடுவார்.

தாழ்வாரத்தில் நாற்காலி, செடி வைப்பது தப்பில்லை, நடக்க 1.2 மீட்டர் விட்டுவைக்க வேண்டும், தீயணைப்பு விதி அது. அவ்வளவு அகலம் இல்லாத தாழ்வாரத்தில் ஆசைப்படாதீர்கள்.

அதே பிடோக் ரெசர்வோர் ரோட்டில் தாழ்வாரம் உள்ள நாலறை வீடு கிடைக்கும், உள்ளே படி இல்லை, மின்தூக்கி உங்கள் தளத்திலேயே நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சப்பணத்தில் ஏரியைத் தினம் நடந்துபோய்ப் பாருங்கள். உங்கள் 61 வயதுக்கு அது நல்லதும்கூட.

---

தெம்பனிஸ்வாசி:

எல்லாருக்கும் நன்றி. பழையபுளோக் சொன்னதைப் படித்துவிட்டு அம்மாவிடமே கேட்டேன். "தண்ணியைப் பாக்க யாருடா ஆசைப்பட்டா, செடி வைக்கணும், மல்லி பறிக்கணும்" என்கிறார். இது எங்கள் இருவர் கணக்கிலும் இல்லை.

மேசனெட்டைக் கைவிட்டுவிட்டோம். கலா கேட்ட கதவை அளந்தேன், 600 மி.மீ.தான் இருக்கிறது, பக்கத்தில் குழாய் போகிற சுவர். பால்கனி வடக்கே பார்த்தது என்பதால் வெயில் பரவாயில்லை, ஆனால் டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவக்காற்றில் மழை நேரே உள்ளே அடிக்கும் என்று அதே புளோக்கில் இருப்பவர் சொன்னார். ஜிப் திரை (ஓரம் இறுக்கி மூடும் மழைத்திரை) போட்டு மூடிவிட்டு உட்காருவதற்குப் பால்கனி எதற்கு?

இப்போது கொண்டோவா, தாழ்வாரத்து நாலறை வீடா என்பதுதான் வீட்டில் பேச்சு. அப்படி இரண்டு நாலறை வீடுகளைப் பார்க்கப் போகிறோம். கொண்டோவை எடுத்தால் ஒரு கேள்வி, மட்டக்கோல் அண்ணே: செடித்தொட்டிகளைப் பேட்டியோவில் எங்கே வைப்பது? அம்மா குனியக்கூடாது, பலகை பாரத்தையும் தாங்கவேண்டும். அப்புறம் அந்தக் கிரேட்டிங்கில் வாக்கர் கால் மாட்டாதா?

---

மட்டக்கோல்:

தொட்டியைப் பலகைமேல் வைக்கவே வேண்டாம். வேலியை ஒட்டி ஓர் ஓரத்தில் பலகை போடாமல் விட்டுவிட்டு, பழைய தரையிலேயே இடுப்பளவு உயரத்துக்கு நீளத் தொட்டி ஒன்று நிறுத்துங்கள். அதற்கு அடியில் முழங்கால் நுழையும் இடம் விட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மல்லி பறிக்கலாம். தட்டு வைக்காதீர்கள், தண்ணீர் நிற்கும், தொட்டியின் ஓட்டையிலிருந்து நேரே தரைக்கு வழியட்டும். பேட்டியோவுக்கு அடியில் கார் நிறுத்துமிடம் இருந்தால் ஈர மண்ணின் எடையை நிர்வாகத்திடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பலகைத்தரை முடிகிற ஓரத்தில் ஐந்து செ.மீ. உயரத்துக்கு ஒரு விளிம்பு வையுங்கள், வாக்கர் சறுக்கிக் கீழே இறங்காமல் இருக்க.

கிரேட்டிங்கில் இடுக்கு 12 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது, அதோடு இடுக்குகள் அம்மா நடக்கும் திசைக்குக் குறுக்காக ஓடவேண்டும். நீளவாக்கில் ஓடினால் சக்கரம் உள்ளே இறங்கி நின்றுவிடும். கடையில் பெரும்பாலும் நீளவாக்கில் உள்ளதைத்தான் முதலில் காட்டுவார்கள், அதுதான் விலை குறைவு. அம்மாவின் வாக்கரையே கடைக்கு எடுத்துப்போய் மேலே உருட்டிப் பார்த்து வாங்குங்கள்.